டன்னக்கின் கல்லில் ஒட்டாத ஸ்டிக்கர்

எங்கள் நகரத்து உதைபந்தாட்டக் கழகம் போன மாதம் ஒரு சிறப்பு மலர் வெளியிட்டது. கனத்த தாள், நல்ல அச்சு. முதல் உலகப் போருக்கு முன்பே இங்கிலாந்திலிருந்து வந்து கழகத்துக்குப் பயிற்சி கொடுத்த வில்ஃபிரட் டன்னக் என்பவரைப் பற்றி அதில் ஒரு பந்தி இருக்கிறது. பந்தியின் கடைசி வரி: ‘அவருடைய கல்லறை இன்றும் அன்போடு பராமரிக்கப்படுகிறது.’

யார் பராமரிக்கிறார் என்று அந்த வரி சொல்லவில்லை. நகரசபையின் கல்லறை அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்படி ஆளில்லாத வசனத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். அதற்குப் பின்னால் யாராவது ஒருவர் ஒளிந்திருப்பார். பல வருடங்கள் ஒளிந்திருந்தவன் நான்தான்.

என் பழைய மேசையில் இப்போது இருக்கும் பெண் மலரை எனக்கு அனுப்பி, டன்னக் கோப்பில் என் கையெழுத்து ஏன் இத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்டிருந்தாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் மூன்று வரியில் முடிகிற ஒன்றல்ல என்று தெரிந்ததும் தமிழில் எழுதத் தொடங்கினேன். நகரத்தின் பெயர் வேண்டாம். ஜேர்மனியின் பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் போகிற தூரம். லினன் துணி ஆலைகள் இருந்த ஊர் என்பது போதும்.

நான் இங்கே வந்து சேர்ந்த கதை எல்லோருடைய கதையும்தான். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் கணிதம் படித்தேன். இங்கே அகதி அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், தீரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு நகரசபையின் கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டினேன், குழி வெட்டினேன். மாலையில் மொழி, அதன்பின் அவுஸ்பில்டுங் என்கிற நிர்வாகத் தொழிற்பயிற்சி, அதன்பின் மேசை. மண்வெட்டியிலிருந்து பேனாவுக்கு வர ஒன்பது வருடம் பிடித்தது. இரண்டுக்கும் முதுகு நோவும்.

ஜேர்மனியில் கல்லறை சொந்தமல்ல, தவணைக்கு. எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எனக்கு எப்போதும் கஷ்டம். ஒரு துண்டு நிலத்தின் பாவனை உரிமை ஒருவரின் பெயரில் குறிப்பிட்ட காலத்துக்கு இருக்கும். குடும்பக் கல்லறை என்றால் காலம் முடியும்போது நீட்டலாம். நீட்ட ஒருவரும் வராவிட்டால் கல்லைக் கழற்றி, மண்ணைச் சமப்படுத்தி, புல் விதைத்து, இன்னொரு குடும்பத்துக்குக் கொடுப்போம். எலும்பு கீழே கிடக்கும். மேலே பெயர் இருக்காது.

நடைமுறை இதுதான். முதலில் உரிமையாளருக்குக் கடிதம். கடிதம் திரும்பி வந்தால் பதிவு அலுவலகத்தில் முகவரி விசாரணை. அதுவும் பலிக்காவிட்டால் கல்லிலேயே ஒரு மஞ்சள் ஸ்டிக்கர்: ‘தயவுசெய்து நிர்வாகத்துடன் தொடர்புகொள்ளவும்.’ அது மூன்று மாதம் கல்லில் இருக்க வேண்டும். ஒட்டியவர் படிவத்தில் ‘கல்லில் ஒட்டப்பட்டது’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டு, திகதி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்று மாதம் கழிந்தால் பட்டியல் கல் கழற்றும் ஒப்பந்தக்காரருக்குப் போகும். கல் அவர் முற்றத்தில் கொஞ்சக்காலம் கிடந்து, பிறகு அரைபட்டு, வீதிக்கோ வாகனத் தரிப்பிடத்துக்கோ கீழே போய்விடும்.

அந்த ஸ்டிக்கரை நான் ஒட்டவில்லை.

சரியாகச் சொன்னால், முதல் வருடம் ஒரேயொரு கல்லில் ஒட்டினேன். எங்கள் ஊர்க் கத்தோலிக்கச் சேமக்காலைகளில் நவம்பர் மாதம் கல்லறைகளைக் கழுவி, மெழுகுதிரி கொளுத்தி, கல்லில் நெற்றியை வைத்துச் செபிப்போம். நெற்றி வைக்கிற அதே இடத்தில் பசைக் கடுதாசியை அழுத்தித் தேய்த்தபோது, வட்டிக்காரன் கதவில் நோட்டீஸ் ஒட்டுவதுபோல இருந்தது. செத்த மனிதரிடம் தமிழில் மன்னிப்புக் கேட்டுவிட்டு அடுத்த கல்லுக்குப் போனேன். அடுத்த கல்லில் கை போகவில்லை. நாற்றுக் கடையில் மரத்தடிகள் வாங்கி, ஸ்டிக்கரை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, தடியில் கட்டி, கல்லுக்கு முன்னால் மண்ணில் குத்தினேன். படிவத்தில் ‘கல்லில் ஒட்டப்பட்டது’ என்ற கட்டத்தில்தான் புள்ளடி போட்டேன். ‘தடியில் கட்டப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கவில்லை.

இதை அறிந்த ஒரே ஆள் சூசை அண்ணை. மன்னார்க்காரர், புல் வெட்டும் இயந்திரம் அவருடைய பொறுப்பு.

“என்ன ஞானம், செத்தவைக்குத் தக்காளிக் கண்டு நடுறியோ?”

“கல்லில ஒட்ட மனம் வரேல்லை அண்ணை.”

“எனக்கும் வராதுதான். ஆனா உனக்குச் சம்பளம் தாறவனுக்கு வருமே!”

என்றாலும் புல் வெட்டும்போது தடிகளைக் கழற்றி, வெட்டி முடிந்ததும் திருப்பி அதே துளையில் குத்திவிடுவார். இந்த ஒழுங்கு எட்டு வருடம் பிசகாமல் நடந்தது. ஒருவரும் முறையிடவில்லை. முறையிடாதது சரியாக நடந்ததற்கு அத்தாட்சி என்று நினைக்கும் வியாதி அலுவலகங்களில் பரவலானது. எனக்கும் பிடித்துக்கொண்டது.

எங்கள் தலைவர் திரு. டீமன், இங்கத்தைய வழக்கில் ஹெர் டீமன். நெட்டையான, மெலிந்த மனிதர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோப்பைத் திறக்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி முகம் கீழாக மேசையில் வைப்பார். பிறகு கடைசித் தாளிலிருந்து முன்னோக்கி வாசிப்பார். ‘எல்லோரும் முதல் தாளை ஒழுங்காக எழுதுவார்கள்’ என்பது அவருடைய காரணம். நகரசபையில் ஞானப்பிரகாசம் என்ற என் முழுப் பெயரையும் ஓர் எழுத்தும் விழுங்காமல் சொன்ன ஒரே ஜேர்மனியர் அவர்தான். அதனால் அவர் கூப்பிட்டாலே எனக்கு நீதிமன்றத்தில் நிற்பதுபோல இருக்கும். ஒருமுறை நான் எழுதிய கடிதத்தில் ‘வருந்துகிறோம்’ என்ற சொல்லை வெட்டிவிட்டுச் சொன்னார்: “அலுவலகம் வருந்துவதில்லை, ஹெர் ஞானப்பிரகாசம். அலுவலகம் அறிவிக்கும். நீங்கள் வருந்த விரும்பினால் நேரில் போய் வருந்துங்கள்.”

நான் சொல்ல வந்த விஷயம் நடந்தது பன்னிரண்டு வருடங்களுக்கு முன். நவம்பர் கடைசியில், இறந்தோரின் ஞாயிறு என்று இங்குள்ள புரட்டஸ்தாந்தர் கல்லறைகளுக்குப் போகும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை. வருடத்தில் எங்களுக்கு அதிக முறைப்பாடு வருகிற நாள் அது. வழக்கமாக, பக்கத்துக் கல்லறையின் செடி தங்கள் பக்கம் வளர்ந்துவிட்டது என்று வருவார்கள்.

கதவால் முதலில் ஒரு சக்கர நாற்காலியின் கால்மிதி வந்தது. அதில் மிகச் சிறிய ஒரு கிழவி. தொப்பி, கையுறை, மடியில் கறுப்புக் கைப்பை. தள்ளிக்கொண்டு வந்த பராமரிப்பு இல்லத்துத் தாதி வெளியே போய் நின்றாள்.

“என் தந்தையைக் காணவில்லை” என்றார் கிழவி. “நேற்று அவர் இருந்த இடத்தில் புல் விதைத்திருந்தது.”

பெயர் கேட்டேன். ஃப்ராவ் டன்னக், அதாவது டன்னக் அம்மையார். வயது எண்பத்தெட்டு. ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர், மணம் முடிக்கவில்லை. கோப்பை எடுத்தேன். எல்லாம் இருந்தது. உரிமைக் காலம் முடிந்தது. கடிதம் போனது, திரும்பியது. முகவரி விசாரணை அதே பழைய முகவரியைத் தந்தது. விழுந்து இடுப்பு முறிந்து பராமரிப்பு இல்லத்துக்குப் போனவர், திரும்பி வீட்டுக்கு வருவேன் என்ற நினைப்பில் முகவரியை மாற்றவில்லை. அடுத்த தாளில் ‘கல்லில் ஒட்டப்பட்டது’. புள்ளடி, ஏப்ரல் மாதத் திகதி, என் கையெழுத்து.

திகதியைப் பார்த்ததும் நடந்தது விளங்கிவிட்டது. அந்த ஏப்ரலில் சூசை அண்ணைக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை. கோடை முழுக்கப் புல் வெட்டியது ஒரு வெளி நிறுவனத்தின் ஆள். அவனுக்கு எங்கள் தடிகளின் ஒழுங்கு தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை. அவன் பிடுங்கிக் குப்பையில் போட்டிருப்பான். நானும் போய்ப் பார்க்கவில்லை.

“அறிவித்தல் ஒட்டினீர்களா?” என்று கிழவி கேட்டார்.

“அறிவித்தல் வைக்கப்பட்டது” என்றேன்.

“செப்டெம்பர் முடியும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பழைய அயலவள் பூக்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அவளுக்குக் கண் நன்றாகத் தெரியும். கல்லில் எதுவும் இருக்கவில்லை என்கிறாள்.” கைப்பையைத் திறந்து மூடினார். “அது இருவருக்கான கல்லறை. என் தாய் குண்டுவீச்சில் செத்துப் பொதுக்குழியில் போய்விட்டாள். அப்பாவுக்குப் பக்கத்து இடம் என்னுடையது. அடுத்த கோடைகாலம்வரை வைத்தியர் எனக்குத் தவணை தரவில்லை. உங்களால் என்ன செய்ய முடியும்?”

என்னால் என்ன செய்ய முடியும் என்று கணினியில் பார்த்தேன். அந்த இடம் ஏற்கெனவே வேறொரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை அடக்கம். வியாழன் காலை எட்டு மணிக்குக் குழி வெட்டும் இயந்திரம் வரும்.

இனி எல்லாம் சுலபமான தர்க்கம். படிவம் உண்மை என்றால் அவருடைய உரிமை போய்விட்டது. வேறு பகுதியில் தனி இடம் கொடுக்கலாம். படிவம் பொய் என்றால் கல்லைக் கழற்றியதே செல்லாது; இடம் இன்னும் அவருடையது. அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவன் சொன்னால் அலுவலகப் பத்திரத்தில் பொய்க் கையெழுத்து வைத்தவன் ஆகிறான். வேலை போகலாம். ஐம்பத்து மூன்று வயதில், கல்லறை நடைமுறையைத் தவிர வேறொன்றும் தெரியாத தமிழனுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

பின்னேரம் டீமனிடம் போய் முறைப்பாட்டை மட்டும் சொன்னேன். கடிகாரத்தைக் கவிழ்த்தார். பின்னாலிருந்து முன்னால் வாசித்தார். என் புள்ளடியில் கொஞ்சம் நின்றார்.

“கோப்பு ஒழுங்காக இருக்கிறது” என்றார். “ஒழுங்கான கோப்பைக் கொண்டு ஏன் என்னிடம் வந்தீர்கள்?”

உண்மையை விட்டுவிட்டு வேறு வழிகளைச் சொன்னேன். போர்க்காலத் தடுப்பு முகாமில் இறந்த அந்நியரின் கல்லறைக்குச் சட்டப்படி நிரந்தர உரிமை உண்டு. இவர் இங்கே உதைபந்தாட்டப் பயிற்சி கொடுத்த ஆங்கிலேயர், இரண்டு போரிலும் தடுத்து வைக்கப்பட்டவர் என்று மகள் சொல்கிறார் என்றேன்.

“முகாமில் இறந்தாரா?”

“இல்லை. வெளியே வந்து, பல வருடம் கழித்து, கட்டிலில்.”

“அப்படியென்றால் பொருந்தாது” என்று கோப்பை மூடினார். உயிரோடு வந்தது டன்னக் செய்த நடைமுறைத் தவறு. நகரசபையின் கௌரவக் கல்லறை ஆக்கலாமா என்றால், அதற்குச் சபைத் தீர்மானம் வேண்டும். அடுத்த கூட்டம் மாசி மாதம். கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். செயலாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார். டன்னக் என்றால் இப்போதைய பின்வரிசை ஆட்டக்காரரா என்று கேட்டார்.

செவ்வாய் காலை சூசை அண்ணையைக் கூட்டிக்கொண்டு ஒப்பந்தக்காரரின் முற்றத்துக்குப் போனேன். காரில் விஷயத்தைச் சொன்னேன்.

“உதுக்கேன் முகத்தைத் தொங்கப்போடுறாய்? புல்லு வெட்டினவன்ர தலையில போடு. அவன் இப்ப எந்த ஊரில புல்லு வெட்டுறானோ!”

“அவன் தடியைத்தானே அண்ணை பிடுங்கினவன். நான் கல்லில ஒட்டியிருந்தா அவனால ஒண்டும் செய்ய ஏலாது.”

“அப்ப என்ர பேரும் வருமோ?”

“வராது. நீங்கள் கையெழுத்து வைக்கேல்லைத்தானே.”

“நல்ல காலம், எனக்கு எழுத்து வராது” என்று சிரித்தார்.

கற்கள் முதுகில் இலக்கம் பூசப்பட்டு, முகம் கீழாக அடுக்கிக் கிடந்தன. இலக்கம் பார்த்து ஒவ்வொன்றாகப் போனோம். முதல் வரிசையில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அரைக்கும் இயந்திரம் மூலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தம் மாறும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்த்தேன். டன்னக்கின் கல்லை இயந்திரத்திலிருந்து மூன்றாவது அடுக்கில் கண்டோம். கடப்பாரையால் நெம்பிப் புரட்டினோம். ஒரு மூலை உடைந்திருந்தது. பெயர் முழுதாக இருந்தது. அதன் கீழே ஒரு சின்னப் பந்து, தோல் வார் கட்டிய பழைய பந்து, செதுக்கியிருந்தது.

“உதைபந்துக்காரனோ?” சூசை அண்ணை கல்லின் மண்ணைக் கையாலேயே துடைத்தார். “முதலே சொல்லியிருந்தா உந்தத் தடியை நானே கொங்கிறீட்டுப் போட்டு நட்டிருப்பன்.”

கல்லை ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, பின்னேரம் தனியாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போனேன். டீமன் சொன்னதுபோல நேரில் வருந்துவது நோக்கம். ஆனால் வருந்தும் இடத்துக்கு வருமுன் ஃப்ராவ் டன்னக் தகப்பனைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டார். நிறுத்த எனக்குத் துணிவில்லை. நிறுத்தினால் நான் பேச வேண்டிவரும்.

டன்னக் லங்காஷயரின் பஞ்சாலை நகரம் ஒன்றில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் ஆலையில் அறுந்த நூல் முடிகிற வேலை. சனிக்கிழமைகளில் இடது ஓரத்தில் ஓடுகிற ஆட்டம். ஆலை மைதானத்தில் அவரைக் கண்ட ஒரு தொழில்முறைக் கழகம் எடுத்துக்கொண்டது. நாலைந்து பருவம் நன்றாக ஆடினார். பிறகு முழங்கால் திரும்பியது. அந்தக் காலத்து நடைமுறை ஒன்றை ஃப்ராவ் டன்னக் பாடம் நடத்துவதுபோல விளக்கினார்: ஆட்டக்காரனின் பதிவுத் தாள் கழகத்தின் கையில் இருக்கும். சம்பளம் கொடுக்காமலே அவன் பெயரைத் தங்கள் பட்டியலில் வைத்திருக்கலாம். அவர்கள் விடாவிட்டால் அவன் இங்கிலாந்தின் லீக்கில் வேறெந்தக் கழகத்துக்கும் ஆட முடியாது.

“ஒரு வருடம் முழுக்க அவரை அப்படி வைத்திருந்தார்கள். ஆடவும் விடவில்லை, போகவும் விடவில்லை” என்றார். “ஒரு தாளால் ஒரு மனிதனைக் கட்டிவைக்க முடியும் என்பது உங்களுக்கு விளங்குமா?”

“கொஞ்சம் விளங்கும்” என்றேன். மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்று அச்சடித்த என் முதல் அடையாளத் தாள் நினைவுக்கு வந்தது.

அந்தத் தாள் செல்லாத நாடு தேடித்தான் அவர் ஜேர்மனிக்கு வந்தார். எங்கள் நகரத்துக் கழகத்தில் அப்போது ஆலைக் கணக்கப்பிள்ளைகள் ஆடினார்கள். பந்தை எவ்வளவு உயரம் உதைக்கிறார்களோ அவ்வளவு திறமை என்று நம்பியவர்கள். டன்னக் இரண்டு கதிரைகளுக்கு இடையில் ஒரு கயிறு கட்டி, முழங்காலுக்கு மேலே பந்து போனால் தண்டனை ஓட்டம் என்று விதி வைத்தார். மூன்று மாதத்தில் தரையோடு பந்து கொடுக்கப் பழகிவிட்டார்கள். நான்காவது மாதம் போர் தொடங்கியது. அவரிடம் கற்ற கணக்கப்பிள்ளைகளில் ஒருவர்தான், இப்போது சீருடையோடு, அவரைக் கைதுசெய்ய வந்தாராம். பேர்லினுக்குப் பக்கத்தில் ஒரு குதிரைப் பந்தயத் திடலை முகாமாக்கியிருந்தார்கள். குதிரை லாயத்தில் நான்கு வருடம். அங்கேயும் பிரித்தானியக் கைதிகள் அணிகள் சேர்த்து ஆடினார்கள். “என் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஆட்டத்தை அங்கேதான் ஆடினேன் என்பார் அப்பா. முழங்கால்கூட அங்கே நோகவில்லையாம்.”

போர் முடிந்ததும் ஊருக்குப் போனார். ஆறு மாதத்தில் திரும்பி வந்தார். முகாமுக்குப் பாண் பொதி அனுப்பிய ஒரு நெசவுக்காரப் பெண்ணை மணந்தார். ஆலையில் களஞ்சியக்காரர், மாலையில் பயிற்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், அந்நியனை வைத்திருக்க ஏலாது என்று கழகம் கடிதம் கொடுத்தது. அதில் ‘வருந்துகிறோம்’ என்று எழுதியிருந்ததாம். இரண்டாம் போரில் மறுபடியும் பிடித்தார்கள். வெளியே வந்தபோது மனைவி இல்லை. குடியுரிமைக்கு ஒருமுறை அன்ட்ராக் நிரப்பினார், அனுப்பவில்லை. “எந்த அணிக்கு எழுதிக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை” என்றார் மகள். “இரண்டு நாட்டிலும் அவரை வைத்திருந்தது தாள். மண் மட்டும்தான் கேள்வி கேட்காமல் வைத்திருந்தது. இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள்.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். தாதி தேநீர் கொண்டு வந்தாள். குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி ரெஜினா முழுவதையும் கேட்டாள். நாங்கள் பெடியளைப்போலச் சண்டை பிடித்தோம்.

“உங்களை ஆர் தடி குத்தச் சொன்னது? குடுத்ததை ஒட்டிப்போட்டு வாறதுக்கென்ன?”

“ஒட்டியிருந்தா இண்டைக்கு இந்தப் பிரச்சினை இல்லைத்தான்.”

“சொல்லப்போறியளோ?”

“தெரியேல்லை.”

“தெரியாட்டி நித்திரை வராது. வராட்டி என்னையும் நித்திரை கொள்ள விடமாட்டியள். எதையெண்டாலும் நாளைக்கு மத்தியானத்துக்குள்ள செய்து முடியுங்கோ” என்றாள். எனக்குக் கிடைத்த ஒரே சட்ட ஆலோசனை அது.

புதன் காலை கோப்புக் குறிப்பு ஒன்று எழுதினேன். பத்து வரி. ‘மேற்குறித்த அறிவித்தலை நான் கல்லில் ஒட்டவில்லை. ஒரு தடியில் கட்டிக் கல்லுக்கு முன்னால் குத்தினேன். அது மூன்று மாதமும் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. படிவத்தில் உள்ள புள்ளடி உண்மையல்ல.’ ஏறக்குறைய எல்லா வரியிலும் ‘நான்’ வந்தது. அந்தச் சொல்லை அலுவலகத் தாளில் அவ்வளவு நெருக்கமாக நான் எழுதியதில்லை.

டீமன் கடிகாரத்தைக் கழற்றினார். ஒரே தாள் என்பதால் பின்னாலிருந்து வாசிக்க வழியில்லை. இரண்டு தரம் வாசித்தார். ஜன்னல் கண்ணாடியில் ஒரு ஈ நடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஏன் செய்தீர்கள் என்று அவர் கேட்பார், சேமக்காலை, மெழுகுதிரி, நெற்றி என்று சொல்ல வேண்டும் என்று ஜேர்மன் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் அதைக் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்து வியாழக்கிழமைக் குழியை நிறுத்தினார். மற்றக் குடும்பத்துக்கு அதே வரிசையில் நான்கு இடம் தள்ளி ஒன்றை ஒதுக்கி, தானே அழைத்துப் பேசினார். தொலைபேசியை வைத்தார்.

“உட்காருங்கள், ஹெர் ஞானப்பிரகாசம். இன்னும் எத்தனை?”

அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. மூன்று நாளும் ஒரு கிழவியையும் ஒரு கல்லையும் பற்றியே பயந்துகொண்டிருந்தேன். எட்டு வருடம் குத்திய தடிகள் அத்தனையும் அப்போதுதான் ஒன்றாக என் முன் வந்து நின்றன.

வேலை போகவில்லை. எழுத்தில் கடும் எச்சரிக்கை கிடைத்தது. அதைவிடப் பெரிய தண்டனையாக, அந்தக் கோப்புகள் முழுவதையும் குளிர்காலம் முடியுமுன் ஒவ்வொன்றாகத் திறந்து, உறவினரைத் தேடி, நடந்ததை எழுதும் வேலையை டீமன் எனக்கே தந்தார். பெரும்பாலான கடிதங்கள் திரும்பி வந்தன. சிலர் ‘பரவாயில்லை’ என்று எழுதினார்கள். ஒருவர் என் பெயரைக் கேட்டு அழைத்து, அரை மணி நேரம் ஏசினார். அவருடைய தாயின் கல்லைத் தேடிப் போனேன். அது எப்போதோ அரைபட்டிருந்தது. அவர் ஏசிய ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. இன்றைக்கும் வாகனத் தரிப்பிடங்களில் சரளைமேல் நடக்கும்போது எனக்குக் கால் கூசும்.

டன்னக்கின் கல்லை, உடைந்த மூலையோடு, கிறிஸ்மஸுக்கு முன் திருப்பி நிறுத்தினோம். அதைச் சொல்ல ஃப்ராவ் டன்னக்கிடம் போனேன். இந்த முறை தேநீர் வருமுன்பே தடியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளைபோல நின்றேன்.

“எனக்குப் பிறகு இந்தக் கல்லறைக்கு யாருக்குக் கடிதம் எழுதுவீர்கள்?” என்று கேட்டார்.

“உரிமையாளர் இறந்தால் வாரிசுக்கு.”

“வாரிசு இல்லை.”

“அப்படியானால் காலம் முடியும்போது... கல்லில் ஸ்டிக்கர்.”

“உயிரோடு இருக்கும்போதே வேறொருவருக்கு உரிமையை மாற்ற முடியுமா?”

“முடியும். ஒரு படிவம் இருக்கிறது.”

“கொண்டு வாருங்கள். உங்கள் பெயரைத் தெளிவாக எழுதுங்கள்” என்றார். “தவறு உங்களுடையது. நீங்களே வைத்திருங்கள்.”

இப்படி ஒரு உரிமையை அலுவலக ஊழியர் ஏற்கலாமா என்று டீமனிடம் கேட்டேன். விதிகளை ஒரு நாள் முழுக்கத் தேடிவிட்டு, தடை இல்லை என்று தானே முத்திரை குத்தினார். ஃப்ராவ் டன்னக் பங்குனியில் போனார். அடக்கத்துக்குப் பாதிரியாரும் தாதியும் அயலவளும் சூசை அண்ணையும் நானும். டீமன் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

“எங்கட ஆக்களுக்கே இஞ்ச ஒரு துண்டு நிலம் எடுக்கேல்லை, வெள்ளைக்காரனுக்கு எடுத்து வைச்சிருக்கிறியள்” என்று ரெஜினா அன்று சொன்னாள். இன்றும் சொல்கிறாள். சொல்லிக்கொண்டே நவம்பரில் மெழுகுதிரி வாங்கி வருகிறாள்.

அந்த அடக்கத்தோடு நீட்டப்பட்ட உரிமைக் காலம் முடியும்போது எனக்கு எழுபத்தொன்பது வயதாகும். இருந்தால் கையெழுத்து வைத்து நீட்டுவேன். இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆஹென் நகரத்தில் வேலை செய்யும் மகளிடம் போன கிழமை கேட்டேன்.

“அப்பா, எனக்குத் தெரியாத ஒரு ஆளுக்கு நான் ஏன் பொறுப்பு எடுக்கோணும்?”

“அவரை எனக்கும் தெரியாது பிள்ளை.”

“படிவத்தை அனுப்புங்கோ, வாசிச்சுப் பாக்கிறன்” என்றாள். “ஒண்டும் ஒப்புக்கொள்ளேல்லை, சரியோ? வாசிக்க மட்டும்தான்.”

அனுப்பியிருக்கிறேன். இன்றைக்கு ஒன்பதாம் நாள். தபால் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதி முடிக்கிறேன். படிவம் இன்னும் வரவில்லை.